இருமல் நின்ற வீடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆண்டவன் கொடுத்த இரண்டு கண் போதவில்லை, மூன்றாவதாக ஒரு செல்போன் வேண்டியிருக்கிறது என்று பவுல் எரிச்சலோடு நினைத்துக்கொண்டார். மில்லர்புரத்தில் தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் இடுப்பளவுத் தண்ணீர் கிடக்கிறது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் அதைப் படம் எடுக்கிறார்கள். ஒரு வெள்ளாடு கத்திக்கொண்டே உயிரோடு மிதந்து போனது. அதையும் எடுத்தார்கள். ஒருத்தன்கூட ஒரு கயிறு எறியவில்லை. எடுத்து யாருக்குக் காட்டப்போகிறார்கள்? ஊர் முழுக்க இதே தண்ணீர்தான். பார்க்கிறவன் வீட்டுக்குள்ளேயும் இதே தண்ணீர்தான்.

காறித் துப்பலாம் என்று ஜன்னல் கொக்கியில் கை வைத்தவர் வேண்டாமென்று விட்டுவிட்டார். ஈரக்காற்று உள்ளே வந்தால் பிளாரன்ஸுக்கு ஆகாது. ஜன்னல் திண்டில் இருந்த கடுங்காப்பியை எடுக்கப் போனார். கை பாதியில் நின்றது.

கோப்பை நிறைய இருந்தது.

அதை அவர் முன்னமே குடித்து முடித்திருந்தார். கடைசி மடக்கில் கருப்பட்டி மண்டி நாக்கில் உரசியது இன்னும் தெரிகிறது. காலிக் கோப்பையைத் திண்டில் வைத்த சத்தம்கூட ஞாபகத்தில் இருக்கிறது. இப்போது அது விளிம்பு வரை நிறைந்து, ஆறிப்போய், ஒரு எறும்பு மிதக்க நின்றது.

"ஏளா பிளாரன்ஸ், நீ காப்பி ஊத்துனியா?"

கட்டிலில் சாய்ந்திருந்தவள் இருமிக்கொண்டே இல்லையென்று தலையாட்டினாள். அவள் எப்படி எழுந்து ஊற்றுவாள்? கேட்ட பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது. நாலு வருடமாகக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள பத்தடிதான் அவள் ஊர். கல்யாணமாகி வந்த நாள் முதல் புகை போகாத குசினியில் விறகு ஊதியே நுரையீரல் கருகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். அது நின்றால் அவள் நீல நிறமாகிவிடுவாள். இரண்டு தடவை பார்த்திருக்கிறார். கரண்டு போய் ஒன்றரை நாள் ஆகிறது. கையிருப்பாக வைத்திருந்த சிலிண்டரும் இன்று காலை ஒன்பதரைக்குத் தீர்ந்துவிட்டது.

ஜெனோ மட்டும் வராதிருந்தால் காலையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். பத்து மணிக்கு அவர் மகன் தன் வள்ளத்தில், மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, ஒரு வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். கீழ்வீடு தண்ணீரில் கிடந்ததால் மாடிக்குத் தூக்கிவந்து, படுக்கையறைக்கு வெளியே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் வைத்தார்கள். அங்கிருந்து எட்டுப் படி ஏறினால் மொட்டைமாடிக் கதவு.

"யப்பா, மாடிக் கதவ அடைச்சிராதிய. ரூம் கதவத் தொறந்து வச்சிராதிய. கடைக்கார அண்ணாச்சி நாலு தடவ சொல்லிவிட்டாரு. இதுல ஒரு கேஸ் வருமாம். மூளையக் கெடுத்துருமாம்."

"எவம்ல சொன்னான்? வாடகைக்கு விடுதவனா? மீன்பிடி லாஞ்சு எஞ்சின் ரூம்ல நாப்பது வருசம் கெடந்தவன் நான். எம் மூள கெட்டாபோச்சு?"

"அத அம்மைட்டதான் கேக்கணும்."

"கேளு... நான் உள்ளதச் சொல்லிருவேன்," என்று பிளாரன்ஸ் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஜெனோ ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"கேஸ்னா வாசம் வரும்லா? வந்தா எனக்குத் தெரியாதாக்கும்?"

"அதுக்கு வாசமே கெடையாதாம்ப்பா."

"வாசமில்லாத புக! போலே, போய் சோலியப் பாரு."

திறந்த வள்ளத்தில், கொட்டுகிற மழையில் அவளைக் கொண்டுபோக முடியாது. மூடி போட்ட படகு ஒன்று கேட்டிருப்பதாகவும், ஐந்து மணிக்குள் வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகவும் சொல்லிவிட்டு ஜெனோ போனான். ஐந்து மணி வரை மெஷின் நிற்கக்கூடாது. பவுலுக்கு அந்த ஒரு வேலைதான்.

மகன் சொன்னதை அவர் ஒன்றும் வேண்டுமென்று மீறவில்லை. திறந்திருந்த மாடிக் கதவு வழியாகச் சாரல் அடித்து ஜெனரேட்டரின் மேலேயே விழுந்தது. நனைந்து நின்றுபோனால்? கதவைப் பாதி சாத்தினார். பிறகு எதிர்வீட்டுத் தேவபிரசாதம், படமெடுத்தது போக மிச்ச நேரத்தில், கையைக் குவித்துக் கத்தினான்: "பவுல் அண்ணாச்சி, ஜெனரேட்டரப் பாத்துக்கிடுங்க! பின்தெருவுல மாடி வழியா எறங்கி ஒண்ணத் தூக்கிட்டானுவ!" அப்போதும் பவுல் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். படுக்கையறைக் கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். ஓடுகிற எஞ்சினைக் கண்ணுக்கு மறைவாக வைக்கிற டிரைவர் கடலில் கிடையாது. அதோடு ஒட்டிக்கொண்டுதான் சாப்பாடு, தூக்கம். லாஞ்சில் புகைக்குழாய் தளத்துக்கு மேலே, வெளிக்காற்றில் ஊதும் என்பது மட்டும் அவர் நினைப்பில் வரவில்லை.

ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடியது. நல்ல எஞ்சின்தான். முதலில் கொஞ்சம் பெட்ரோல் வாடை இருந்தது, அப்புறம் மூக்குக்குப் பழகிப்போனது. சுவர்க் குழாய்க்குள் மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தம், கீழே தண்ணீரில் மிதக்கும் பாத்திரங்கள் படிக்கட்டில் வந்து மெல்ல இடித்து விலகுகிற சத்தம், மெஷின் இழுத்து விடுகிற மூச்சு, பிளாரன்ஸின் இருமல், எல்லாவற்றையும் அந்த உறுமல் ஒரு போர்வை மாதிரி போர்த்தி வைத்திருந்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதுதான் இப்படிக் குத்துகிறது.

"எனக்குத் தல வலிக்கி," என்றாள் பிளாரன்ஸ். "கயிறு போட்டுச் சுத்துன மாதிரி."

"எனக்குந்தான். பசி."

"கொஞ்சம் மாடிக் கதவத் தொறந்து விடுங்க. காத்து வரட்டும்."

அவர் எழுந்துபோய் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை அவள் விரலில் மாட்டினார். காலையில் எண்பத்தெட்டு. இப்போது சிவப்பு எழுத்து துடித்துத் துடித்து நின்றது. தொண்ணூற்று மூன்று. அவர் கழற்றி இன்னொரு விரலில் மாட்டினார். தொண்ணூற்று மூன்று.

"பாத்தியா? நாலு வருசமா இந்த நம்பர நீ கண்டதுண்டா? இன்னும் என்ன காத்து வேணும் ஒனக்கு?"

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். "வாந்தி வார மாதிரி இருக்குங்க," என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். திரும்பியதாகத்தான் நினைத்தார்.

பார்த்தால் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். கீழிருந்து மேலே வருகிற படிகளில், தண்ணீரின் விளிம்பிலிருந்து தொடங்கி, ஈரக் காலடித் தடங்கள் ஏறி வந்திருந்தன. பெரிய பாதம். ஐந்து விரலும் அகன்று பதிந்த தடம். ஒவ்வொரு படியிலும் ஒன்று. ஜெனரேட்டரைத் தாண்டி, படுக்கையறை வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது. காலையில் முழு கேன். யார் ஊற்றியது? அவர் ஊற்றவில்லை. தன் கையை மோந்து பார்த்தார், பெட்ரோல் மணத்தது. வேட்டியின் அடிப்பாகம் முழங்கால் வரை நனைந்திருந்தது. இது எப்போது நனைந்தது? கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். அவளுக்குக் கிளிப் மாட்டிய ஒரு மணிக்கும் மூன்றேகாலுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தேடினார். பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி, அங்கே ஒன்றும் இல்லை.

உள்ளே ஆள் வந்திருக்கிறான்.

கையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் போய் அலமாரிக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். குனிந்ததும் தலைக்குள் எதுவோ உருண்டு முன்பக்கம் வந்து மோதியது. கழிப்பறையில் யாரும் இல்லை. அப்போது மேலே, மொட்டைமாடியில், யாரோ நடந்தார்கள். ஒரு எட்டு. நின்று, இன்னொரு எட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கதவின் அடியில் இருந்த விரற்கடை இடுக்கில் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் ஏதோ அசைந்தது.

அவர் தவழ்ந்தே எட்டுப் படியும் ஏறினார். பாயைச் சுருட்டி இடுக்கில் அடைத்தார். போதவில்லை. பிளாரன்ஸின் பழைய சேலையை எடுத்துவந்து, கத்தி நுழைய இடமில்லாமல், கதவைச் சுற்றி விரலால் குத்திக் குத்தி அடைத்தார்.

"இனி வாலே பாப்போம்," என்றார். தன் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்தார். கண்ணுக்குள் ஓரங்கள் கருத்து, நடுவில் மட்டும் வெளிச்சம் இருந்தது. காதுக்குள் அவர் நெஞ்சு அடித்தது. ஜெனரேட்டரின் உறுமலும் அதுவும் ஒரே தாளத்தில் போயின. நல்ல எஞ்சின்.

அப்புறம் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் ஒரு சத்தம் குறைகிறது.

எது என்று பிடிபடவில்லை. மழை இருக்கிறது. எஞ்சின் இருக்கிறது. பாத்திரம் இடிக்கிறது. மெஷின் மூச்சு விடுகிறது. எண்ணி எண்ணிப் பார்த்தார். நாலு வருடமாக ராத்திரி பகலாக, சாப்பிடும்போதும் ஜெபம் சொல்லும்போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்த ஒன்று.

இருமல்.

இருமல் நின்றிருந்தது.

அறைக்குள் போனார். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். பிளாரன்ஸ் மல்லாந்து படுக்கமாட்டாள், மூச்சு முட்டும். மூன்று தலையணை வேண்டும் அவளுக்கு. இவள் ஒரு தலையணையில், கை இரண்டையும் விரித்துப் போட்டு, சத்தமே இல்லாமல் கிடந்தாள். கிட்டே போனார். ஜன்னல் வெளிச்சம் மங்கியிருந்தது. டார்ச்சை அடித்தார்.

உதடு சிவந்திருந்தது.

பிளாரன்ஸின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கும். நகக்கண் ஊதா. கன்னம் சாம்பல். நாலு வருடமாகக் காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது அந்த ஊதாவைத்தான். எவ்வளவு கூடியிருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. இவளுக்கு உதடு வெற்றிலை போட்ட மாதிரி. நகம் மருதாணி வைத்த மாதிரி. கன்னத்தில் ரத்தம். நோயே காணாத முகம். விரலில் கிளிப்பு. தொண்ணூற்று ஐந்து.

பிளாரன்ஸுக்குத் தொண்ணூற்று ஐந்து வராது.

"ஏய்," என்றார். "யாரு நீ?"

அவள் கண் பாதி திறந்தது. அவரைப் பார்த்தது. வாய் அசைந்தது. ஏங்க, என்ற மாதிரி. குரல் வரவில்லை. அவளைப் போலவே செய்தாள். அவளுடைய மோதிரம். அவளுடைய நைட்டி. ஈரக்கால் வைத்து ஏறி வந்தது இவள்தான். பிளாரன்ஸை அப்புறப்படுத்திவிட்டு, அவள் இடத்தில் படுத்து, அவள் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

கீழே இருந்து கேட்டது.

இருமல்.

தண்ணீருக்குப் பக்கத்திலிருந்து. இழுத்து, அடைத்து, விட்டு, மறுபடி இழுத்து. பிளாரன்ஸ்.

"ஏளா! அங்கனயா கெடக்க?"

ஐந்து மணி வரை மூச்சு நிற்கக்கூடாது. அந்த ஒரு வேலைதான். அவர் குனிந்து, படுத்திருந்தவளின் மூக்கிலிருந்து குழாயை உருவினார். அவள் கை எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பலமில்லை. சூடாக இருந்தது. உதறினார். கை கட்டிலுக்கு வெளியே விழுந்தது. விழுந்தபடியே தொங்கியது.

குழாயை இழுத்துக்கொண்டு நடந்தார். வாசல். ஜெனரேட்டர். படி. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். குழாய் மெஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் காலைத் தொட்டது. முழங்கால். தொடை. இருட்டு. இங்கே காற்று வேறு மாதிரி இருந்தது, குளிராக, சேற்று வாடையோடு. திறந்து கிடந்த வாசல் வழியாகத் தெருவே வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

"இந்தா பிடி. இழு. மெதுவா இழு."

குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார்.

மூடி போட்ட படகோடு ஜெனோ நாலே முக்காலுக்கு வந்தபோதும் அவர் அப்படியேதான் நின்றார். எதிலும் சேராத குழாயின் நுனியை ஒரு அலுமினியச் சட்டியின் மேல் பிடித்துக்கொண்டு, "இழு, ஏளா, இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனோ அவரைத் தள்ளிவிட்டு மேலே ஓடினான். மாடிக் கதவு உடைகிற சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது. பிறகு ஜெனோ போட்ட சத்தம்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் ஆனபின் ஆஸ்பத்திரி வராந்தாவில் பவுலின் முகத்திலிருந்து ஆக்ஸிஜன் மூடியைக் கழற்றினார்கள். தலைவலி போயிருந்தது. கால்களும் அவர் சொன்னபடி கேட்டன. சின்ன வயது டாக்டர் ஒருத்தர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னார்.

"அந்தப் புகையில் ஒரு வாயு இருக்கு தாத்தா. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் போய் அது ஒட்டிக்கும். முதலில் தடுமாறுறது மூளைதான். செஞ்சது மறந்துபோகும். இல்லாத சத்தம் கேட்கும். யாரோ வீட்டுக்குள்ள இருக்காங்கன்னு தோணும். தெரிஞ்ச முகமே தெரியாமப் போகலாம். ரத்தம் அப்படிச் சிவக்கிறதும் அதனாலதான். அந்தக் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது, நல்ல நம்பர்தான் காட்டும். உங்க மேல தப்பில்ல."

"வாசமே கெடையாதோ?"

"கிடையாது."

"எஞ்சினு புகைக்கு."

"ஆமா தாத்தா."

பவுல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எந்த லாஞ்சில் ஏறியிருப்பான் இவன்? யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வந்து சொல்கிறான். டாக்டர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

நர்ஸ் ஞானபாய் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வராந்தாக் கடைசியில் ஒரு தள்ளுவண்டி. ஜெனோ தரையில் முட்டிபோட்டு, வண்டியின் விளிம்பில் தலையை வைத்திருந்தான். ஞானபாய் துணியை விலக்கினாள்.

அவளேதான்.

அந்தச் சிவந்த உதட்டுக்காரி. டியூப் லைட்டுக்குக் கீழே இன்னும் நன்றாகத் தெரிந்தது. கன்னம் மெழுகிவிட்ட மாதிரி. வயதில் பத்துப் பன்னிரண்டு குறைந்த மாதிரி. ஒரு இருமல் இல்லை. வாய் லேசாகத் திறந்து, பேசப்போகிறவள் போல இருந்தாள்.

"ஏலே ஜெனோ," என்றார். "யாரு பெத்த பிள்ளையோ இது. இவளுக்கு எதுக்கு நீ அழுத? ஒங்க அம்மைய எங்கன வச்சிருக்கிய?"

ஜெனோவின் தோள் குலுங்கியது. ஞானபாய் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, இங்கன உக்காருங்க, டாக்டரக் கூப்பிடுதேன்," என்று ஓடினாள்.

எல்லோரையும் ஏமாற்றிவிட்டாள் இவள். டாக்டரை, நர்ஸை, பெற்ற பிள்ளையை. மோதிரத்தைப் பார்த்தே நம்பிவிட்டார்கள். பவுல் கிட்டே குனிந்து, யாருக்கும் கேட்காமல், "எங்கிட்ட நடக்காது," என்றார்.

சுவரோரம் சின்னச் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். பாரம் பரவாயில்லை. வாசலில் படி இறங்கியதும் தண்ணீர். மில்லர்புரம் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை நின்று பார்த்தார். ஒரு ராத்திரி முழுக்க அவளைத் தண்ணீரில் விட்டாயிற்று. இனியும் நிற்க முடியாது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சிலிண்டர் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நடந்தார்.